கொலஸ்ட்ரோல் குளிசை உடம்புக்குள் என்ன செய்கிறது?

கொலஸ்ட்ரோல் என்பது கலங்களின் மென்சவ்வுக்கும் பித்தநீருக்கும் வேண்டிய கொழுப்புப் பொருள். சாப்பாட்டில் வருவது கொஞ்சம்தான். பெரும்பங்கை உடம்பே செய்கிறது, முக்கியமாக ஈரல். கிளினிக்கில் தரும் அட்டோர்வஸ்டற்றின் போன்ற குளிசைகள் அந்தத் தயாரிப்புக்கு வேண்டிய ஒரு நொதியத்தைத் தடுக்கின்றன.

சரி, ஏற்கெனவே இரத்தத்தில் ஓடுவது எப்படிக் குறைகிறது? சங்கதியே இங்கேதான். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைந்து சிறுபோகம் சுருங்கினால், வீட்டுக்கு வேண்டிய நெல்லைச் சந்தையில்தானே வாங்குவோம்? ஈரலும் அப்படித்தான். சொந்த விளைச்சல் குறைந்ததும், பிடித்திழுக்கும் புரதங்களைத் தன் மேற்பரப்பில் கூட்டி, கெட்ட கொலஸ்ட்ரோலை இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்.

"ரிப்போட்டில் அளவு இறங்கிவிட்டது, இனிக் குளிசை எதற்கு?" என்று தாங்களாகவே நிறுத்துகிறவர்கள் உண்டு. ஆனால் இறங்கியதே குளிசையால்தான், நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி ஏறிவிடும்.