2147483647 பகா எண் என்று கணினி இல்லாமல் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இந்த எண் 2³¹ − 1. அதாவது மெர்சென் பகா எண்களில் (2ⁿ − 1 வடிவில் வரும் பகா எண்களில்) எட்டாவது. 1772-இல் கணிதவியலாளர் ஆய்லர் இது பகா எண் என்று நிரூபித்தார்.

நேரடியாகப் போனால், இதன் வர்க்கமூலமான சுமார் 46,340 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுக்க வேண்டும். அவை நாலாயிரத்துக்கும் மேல் இருக்கும். ஆய்லர் அந்தப் பக்கமே போகவில்லை.

p என்ற பகா எண் இதை வகுப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³¹-ஐ p-ஆல் வகுத்தால் மீதி 1. 31 பகா எண் என்பதால், ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி (2ᵖ⁻¹-ஐ ஒற்றைப் பகா எண் p-ஆல் வகுத்தாலும் மீதி 1) p − 1 என்பது 31-இன் மடங்காக இருந்தாக வேண்டும். p ஒற்றை எண். ஆகவே அது 62k + 1 வடிவம். சரி, இன்னொரு பிடியும் உண்டு: 2³²-இன் மீதி 2. ஆனால் 2³² ஒரு வர்க்கம். ஒரு வர்க்கம் 2-ஐ மீதியாகத் தர வேண்டுமென்றால், p-ஐ 8-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 தான் மிஞ்ச முடியும். இரண்டையும் சேர்த்தால் p என்பது 248k + 1 அல்லது 248k + 63. வர்க்கமூலத்துக்குள் இப்படி 373 எண்களே வரும், அவற்றிலும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். எதுவும் வகுக்கவில்லை. எனக்கு இதில் பிடித்ததே இந்தச் சல்லடைதான்.

அப்புறம், 2147483647-ஐ 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128 என்ற நிறைவெண் (தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்) கிடைக்கும். 31-உம் மெர்சென் பகா எண்தான் (2⁵ − 1). 5-ஐ அடுக்காகப் போட்டால் 31, 31-ஐப் போட்டால் 2147483647 என்று ஒரு சங்கிலி. ஆனால் அது இங்கே அறுந்துவிடுகிறது: 2-இன் அடுக்காக 2147483647-ஐப் போட்டு 1 கழித்தால் வருவது பகு எண், 295257526626031 அதை வகுக்கிறது.