ஓர்க்குக்குப் பச்சை பூசியாச்சு, தோல் எங்கே?

சுன்னாகத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். லண்டனிலிருந்து வந்த மாமா 12 ஓர்க் பொம்மைகள் (கற்பனைக் கதைகளில் வரும் முரட்டுப் பூதங்கள்தான் ஓர்க்) உள்ள பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாராம், ஏ.எல். சோதனை முடிந்த கையோடு நாலு பொம்மைக்குப் பெயின்ற் அடித்துப் பார்த்தாராம். "அண்ணை, இங்க புத்தகக் கடையில வாங்கின அக்ரிலிக் பச்சைதான் அடிச்சனான். தோல் மாதிரி இல்லை, பிளாஸ்ரிக் வாளி மாதிரி இருக்கு. நிழலுக்குக் கறுப்புக் கலந்தன், ஊத்தை பிரண்ட மாதிரி வந்திட்டுது. வெளிச்சத்துக்கு வெள்ளை கலந்தன், பற்பசை பூசின மாதிரி கிடக்கு. பெயின்ற் வேற பூச முதலே காயுது. எங்க பிழை விடுறன்?"

நாலு படங்களும் அனுப்பியிருந்தார். பார்த்தேன். கை நல்ல கை தம்பி, நீங்கள் கண் வைத்த வடிவுக்கு நான் வர ஒரு வருசம் எடுத்தது. உங்கள் பிழை கையில் இல்லை. பச்சையை ஒரு நிறமாக மட்டும் பார்த்துவிட்டீர்கள், அது தோல் என்பது மறந்துபோயிற்று. அதோடு யாழ்ப்பாணத்து வெக்கையும் சேர்ந்து உங்களைக் குழப்பியிருக்கிறது.

ஓர்க்குக்குச் சரியான பச்சை என்று ஒன்று கிடையாது, அதை முதலே சொல்லிவிடுகிறேன். ஓர்க் என்றால் பச்சைத் தோல் என்ற வழக்கத்தைப் பரப்பியதில் 1983இல் வந்த வார்ஹமர் என்ற, மேசையில் பொம்மைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு, அவ்வளவுதான். அதை வெளியிடும் கொம்பனியின் சிற்றடெல் என்ற பெயின்றிலேயே ஓர்க் தோலுக்கென்று நாலைந்து பச்சை இருக்கிறது. ஆகவே எந்தப் பச்சை என்று தலையை உடைக்க வேண்டாம், அந்தப் பச்சை நிழலில் என்னவாகிறது, வெளிச்சத்தில் என்னவாகிறது என்பதுதான் வேலை.

வீட்டில் மாமரம் இருந்தால் பழுக்கத் தொடங்கிய கறுத்தக்கொழும்பான் ஒன்றைப் பிடுங்கி யன்னலோரம் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் படும் தோளில் மஞ்சள் தட்டும். அடிப்பக்க நிழலில் பச்சை இருண்டு, கொஞ்சம் நீலமோ மண்ணிறமோ ஓடும். எங்கேயாவது சுத்தக் கறுப்போ சுத்த வெள்ளையோ தெரிகிறதா? நீங்கள் கலந்தவை அந்த இரண்டும்தான்.

நிழலுக்குச் சிவப்புக் கலந்த மண்ணிறத்தை எடுங்கள். பச்சைக்கு நேரெதிர் நிறம் சிவப்பு என்பதால் ஒன்று மற்றதன் பளபளப்பை அடக்கும், ஆனால் கறுப்பைப் போலச் சாகடிக்காது. ஐந்து பங்கு பச்சைக்கு ஒரு பங்கு மண்ணிறத்தில் தொடங்கிக் கடதாசியில் பூசிப் பாருங்கள், கூடினால் பனங்கட்டி நிறத்துக்குப் போய்விடும், அப்படிப் போனால் திருப்பிப் பச்சையைக் கூட்ட வேண்டியதுதான். சேற்றுக்குள் கிடக்கிற மாதிரிக் குளிர்ந்த தோல் வேண்டுமென்றால் மண்ணிறத்துக்குப் பதில் கருநீலம். இதை அக்குள், கழுத்து மடிப்பு, விலா, தசைக்கு இடையிலுள்ள பள்ளம் ஆகியவற்றில் மட்டும் வையுங்கள். கறுப்பை எறியவும் வேண்டாம். கறுப்போடு மஞ்சளைக் கலந்தால் நல்ல ஒலிவ் பச்சை ஒன்று வரும், கிழட்டு ஓர்க்குக்கு அதை விட வடிவான தோல் நிறம் எனக்குத் தெரியாது.

வெளிச்சத்துக்கு மஞ்சள். முதல் மேடுகளுக்கு மூன்று பங்கு பச்சைக்கு ஒரு பங்கு மஞ்சள், அதற்கு மேல் சரிக்குச் சரி, கடைசியாக மூக்கு நுனி, புருவ மேடு, தோள் முனை, விரல் மொழி போன்ற இடங்களுக்கு அந்தக் கலவையில் பழைய எலும்பு நிறம் கொஞ்சம். வெள்ளை கலந்தால் நிறம் வெளிறிக் குளிர்ந்துவிடும், உங்களுக்குப் பற்பசை வந்தது அதனால்தான். மஞ்சள் ஒரு பூச்சில் பிடிக்காது, கீழேயுள்ளது தெரியும், அதற்காகத் தடிப்பாக அப்பாமல் மெல்லிசாக மூன்று தரம் பூசுங்கள்.

உங்கள் ரியூப்பையும் பார்க்க வேண்டும். கடையில் கிடைக்கும் கண்ணைப் பறிக்கிற பச்சைகள் பல தாலோ பச்சை, லேபிளில் பிஜி 7 என்று இருக்கும். துளி போட்டாலே கலவை முழுவதையும் விழுங்கும், தனியே பூசினால் வாளி நிறம்தான். அதற்குள் மஞ்சள் காவியும் ஒரு துளி சிவப்பு மண்ணிறமும் கலந்துதான் அடி நிறம் பூச வேண்டும். வெளிநாட்டுப் பெயின்ற் இல்லாமலே இதைச் செய்யலாம். ஆனால் படிக்கிற பிள்ளைகளுக்கென்று விற்கும் பெயின்றில் நிறப்பொடி அவ்வளவு நைசாக இராது, மெல்லிசாக்கினால் பிடிப்பும் குறையும், பொறுமை வேண்டும். ஆராவது வரும்போது ஒரு நல்ல பச்சையும் ஒரு எலும்பு நிறமும் மட்டும் சொல்லிவிட்டு எடுப்பியுங்கள்.

இனி எனக்கு விருப்பமான இடத்துக்கு வருகிறேன். தோலுக்குக் கீழே இரத்தம் ஓடுகிறது. ஓர்க்காக இருந்தாலென்ன, கீழுதடு, மூக்கு, காதுமடல், முழங்கை, விரல் மொழி எல்லாம் கொஞ்சம் சிவந்துதான் இருக்கும். சிவப்பு மண்ணிறம் ஒரு பங்குக்கு ஐந்தாறு பங்கு தண்ணீர் விட்டு, பிறஷை ரிசுவில் ஒற்றி ஈரத்தைக் குறைத்த பிறகு அந்த இடங்களில் தடவுங்கள். ஒற்றாமல் பூசினால் ஓரத்தில் கறை வளையம் விழும். முதல் தடவைக்கு ஒன்றும் மாறாத மாதிரித்தான் இருக்கும். காய விட்டு இரண்டாம் தரம், மூன்றாம் தரம். கண்ணுக்குக் கீழே இதே மாதிரி ஊதா வைத்தால் நித்திரை கொள்ளாத ஓர்க் ஒன்று உங்களைப் பார்க்கும். பொம்மைக்கு உயிர் வருவது இந்தப் பத்து நிமிச வேலையில், மற்றதெல்லாம் அதற்கு ஆயத்தம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நிறங்களுக்கிடையில் வித்தியாசம் கூடிவிட்டது என்று பயப்படவும் வேண்டாம். கோபுரத்துப் பூதங்களைப் பாருங்கள், நிலத்தில் நிற்பவருக்குத் தெரிய வேண்டும் என்று கண்ணும் மீசையும் எவ்வளவு அழுத்தமாகத் தீட்டியிருக்கிறது. 28 மில்லிமீற்றர் பொம்மையை மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பதும் கிட்டத்தட்ட அதே கதைதான். போனில் படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், உடம்பு முழுக்க ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிழலும் வெளிச்சமும் இன்னும் போதவில்லை.

காய்கிற பிரச்சினைக்கு ஈரத்தட்டு ஒன்றுதான் வழி. மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் ரிசுவை நாலைந்தாக மடித்து வைத்து நனைத்து, அதற்கு மேல் கேக் தட்டுக்குப் போடும் பேக்கிங் பேப்பரை விரித்து, அதில் பெயின்றைக் கலவுங்கள். மெழுகுத்தாள் சரிவராது, அது தண்ணீரை மேலே விடாது. மூடி வைத்தால் அடுத்த நாளும் பெயின்ற் ஈரமாக இருக்கும், ஆனால் எங்கள் வெக்கைக்கு நாலு நாளில் பூஞ்சணம் மணக்கும், ரிசுவை மாற்றிவிடுங்கள். மேசைக் காற்றாடியை நேரே உங்கள் பக்கம் போட்டுக்கொண்டு பெயின்ற் அடித்தால் இதெல்லாம் வீண். வியர்த்தாலும் பரவாயில்லை, அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு பெரிய பொம்மையைப் பழுதாக்கித்தான் படித்தேன். எங்கள் கிணறு சுண்ணாம்புக்கல்லுக்குள் இருக்கிறது, கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிவதைத் தினமும் பார்க்கிறவன், ஆனாலும் அதே தண்ணீரில்தான் கருநீல நிழலைக் கரைத்துப் பூசினேன். காய்ந்த பிறகு பள்ளமெல்லாம் வெள்ளைப் படிவு. பெயின்ற் பிழை என்று நினைத்து மாற்றி, அதிலும் வந்த பிறகுதான் கிணற்றில் சந்தேகம் வந்தது. தடித்த பூச்சுக்கு இது தெரியாது, தண்ணீர் கூட விட்ட பூச்சுக்குத்தான் தெரியும். கடையில் பற்றரிக்கு ஊற்ற விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரை வாங்குங்கள், அசிட் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பிறஷ் கழுவக் கிணற்றுத் தண்ணீர் தாராளம்.

பிறைமர், அதாவது நிறத்துக்கு முதல் அடிக்கும் அடிப்பூச்சு, பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டாம் படத்தில் தோள் மணல் மாதிரிச் சொரசொரத்துக் கிடக்கிறதே, அது நடுமத்தியானத்தில் ஸ்பிறே அடித்த அடையாளம், துளிகள் பொம்மையில் படமுதலே காற்றில் காய்ந்துவிடுகின்றன. விடிய வெயில் ஏற முதல் அடியுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் புழுதி ஒட்டும், பெரிய காட்போட் பெட்டிக்குள் வைத்து அடிக்கலாம். மாரியில் ஈரக் காற்றுக்கு வெண்மை படர்ந்துவிடும், ஐப்பசி கார்த்திகையில் நான் ஸ்பிறேயைத் தொடுவதே இல்லை, பிறஷால் பூசுகிற பிறைமர்தான்.

பூசிய நாலையும் உரிக்க வேண்டாம். பூச்சு மெல்லிசாகத்தான் இருக்கிறது, அதற்கு மேலேயே தொடங்கலாம். சொரசொரத்த தோளை மட்டும் நைசான மண்கடதாசியால் ஆறுதலாகத் தேயுங்கள். ஆராவது தின்னரில் போடச் சொன்னால் கேட்காதீர்கள், நகப்பூச்சு அழிக்கும் அசிற்றோனும் அப்படித்தான், பொம்மையே கரைந்துவிடும்.

மிச்ச எட்டுக்கும் இவ்வளவு பாடுபட வேண்டுமா என்றால், இல்லை. தலைவன் ஒருவனுக்கு முழு வேலையும் செய்யுங்கள். மற்றவர்களுக்கு அடி நிறம், பள்ளத்துக்கு மெல்லிய மண்ணிறக் கழுவல், மேட்டுக்கு ஒரு மஞ்சள் பச்சை, உதட்டுக்குச் சிவப்பு, போதும். 2019இல் வந்த கொன்ட்ராஸ்ற் பெயின்ற் கிடைத்தால் வெள்ளைக்குக் கிட்டிய பிறைமருக்கு மேல் ஒரே பூச்சில் நிழலும் சேர்ந்து வரும். அதைக் கள்ள வேலை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வந்து எட்டையும் பூசித் தரட்டும்.

உடுப்புக்குப் பச்சை வேண்டாம், துருப்பிடித்த இரும்பு நிறமும் செருப்புத்தோல் நிறமும் மண்ணிறமும் போதும். அடித்தட்டுக்குப் புல்லும் வேண்டாம். சுன்னாகத்தில் இருந்துகொண்டு மண்ணுக்கு எங்கே போவது, வளவுச் செம்மண்ணை மாவரிக்கும் அரிதட்டால் அரித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, வெள்ளைப் பசையில் ஒட்டுங்கள். அந்தச் சிவப்புக்கு மேல் நிற்கும்போது பச்சை தானாகத் தூக்கும். அரிதட்டை அம்மா காண முதல் கழுவி வைத்துவிடுங்கள்.

அடுத்த முறை படம் எடுக்கும்போது மஞ்சள் பல்பை நிப்பாட்டிவிட்டு, காலையில் யன்னலோரம் வைத்து எடுத்து அனுப்புங்கள். இந்த நாலு படத்திலும் உங்கள் பச்சையின் உண்மை நிறத்தைப் பாதி ஊகித்துத்தான் எழுதியிருக்கிறேன்.