உள்ளே உட்கார்ந்திருக்கும் வாத்தியார்

அன்புள்ள சார்,

அலுவலகத்தில் ஒரு மெயில் அனுப்பிவிட்டு அதையே பத்து தடவை திறந்து படிக்கிறேன். ‘இதுகூட ஒழுங்கா எழுதத் தெரியாதா’ என்று உள்ளே ஒரு குரல். ராத்திரி 3 மணிக்கு எழுப்பி உட்காரவைத்துத் திட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது. அது இல்லாவிட்டால் சோம்பேறி ஆகிவிடுவேனோ என்றும் பயம். உங்களுக்கு இப்படி உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உண்டு. எனக்குள் இருப்பவர் எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார். சிவப்பு மையில் சுழித்த நோட்டை வகுப்புக்கே தூக்கிக் காட்டி ‘இந்த மூஞ்சிக்கு மார்க் வேற’ என்பார். அவர் போய் 20 வருஷம் ஆகிறது, ஆனாலும் நான் எழுதுவதை முதலில் படிப்பவர் இன்றும் அவர்தான். அது அவர் என்றே வெகுநாள் தெரியாது. ஒருநாள் அந்தத் திட்டை அப்படியே, ஒரு சொல் மாற்றாமல் எழுதிப் பார்த்தேன். ‘மூஞ்சி’ நான் புழங்கும் சொல்லே அல்ல. ஆள் பிடிபட்டார்.

எழுதிப் பார்ப்பது என் சரக்கு இல்லை. 1960களில் பிலடெல்பியாவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர், நோயாளிகள் வாய்விட்டுச் சொல்வதற்கு அடியில் இன்னொரு பேச்சு தானாக ஓடுவதைக் கவனித்தார். அதைப் பிடித்து ‘ஆதாரம் என்ன’ என்று கேட்பது அவருடைய சிகிச்சையில் முக்கியமான வேலை. நீங்களும் கேளுங்கள். உங்கள் மெயிலுக்கு இதுவரை எத்தனை பேர் திட்டிப் பதில் போட்டார்கள்?

சோம்பேறி ஆகிவிடும் பயம் வேண்டாம். திட்டு வாங்கும் பிள்ளை கணக்குப் போடாது, நோட்டை ஒளித்துவைக்கும். நான் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். பிற்பாடு ஒரு நாவலை 3 வருஷம் மேஜை டிராயரில் வைத்ததும் அதே கதைதான்.

3 மணிக்கு மட்டும் அதோடு வாதாடாதீர்கள், அந்த நேரத்தில் ஜெயிக்க முடியாது. போனைத் தொடாமல் உட்கார்ந்து, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக விடுங்கள். அப்புறம், ‘சாயங்காலம் அஞ்சரைக்கு வாங்க சார்’ என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே அஞ்சரைக்கு 20 நிமிஷம் ஒதுக்கிக் கவலைப்படுங்கள். பல நாள் அவர் வரமாட்டார். மாலைக் காபியையும் விடுங்கள், 6 மணிக் காபியின் காஃபீனில் கிட்டத்தட்டப் பாதி 11 மணிக்கும் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும்.

இரண்டு மூன்று வாரம் தூக்கமே சரியில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். முதலில் பேசிப் பார்க்க 14416 இருக்கிறது, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கடிதத்தில் ஓரிடத்தில் ஒற்று விட்டிருந்தீர்கள், போட்டுவிட்டேன். மூன்றாம் தடவை படிக்கும்போதுதான் என் கண்ணிலேயே பட்டது.