செனட்டுக்குத் தேர்தல் உண்டா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழைய ரோமில் செனட்டர் ஆவதற்கு, நம் எம்.பி.க்களைப் போலத் தேர்தலில் நிற்க வேண்டுமா?

பதில்: செனட்டுக்கென்று தேர்தலே கிடையாது. பதவிக்குத்தான் தேர்தல், செனட் இருக்கை அதோடு ஒட்டிக்கொண்டு வரும். கி.மு. 81-இல் ரோமின் சர்வாதிகாரி சுல்லா போட்ட சட்டப்படி முதல் படி குவெஸ்டர். கருவூலக் கணக்கு பார்க்கும் வேலை, ஆண்டுக்கு 20 இடம், வயது 30 ஆகியிருக்க வேண்டும். இதில் ஜெயித்தாலே செனட்டர்தான். அடுத்து, வழக்கு விசாரிக்கும் பிரீட்டர்: 39 வயது, 8 இடம். உச்சியில், ஆட்சித் தலைவரான கான்சல்: 42 வயது, 2 இடம். எல்லாமே ஓராண்டுப் பதவி. இருபது பேர் ஏறும் ஏணியில் உச்சியில் நிற்க இடம் இருவருக்கு! நடுவில் ஈடைல் என்றொரு பதவி; கட்டாயமில்லை. ஆனால் திருவிழா விளையாட்டுகளைச் சொந்தக் காசில் தடபுடலாக நடத்திப் பெயர் வாங்கலாம். கடனில் மூழ்கியவர்கள் பலர் இங்கேதான் மூழ்கினார்கள்.

கேள்வி: பரம்பரையில் ஒரு செனட்டர்கூட இல்லாத, பேச்சாற்றலுக்குப் பேர்போன சிசரோ எப்படிக் கான்சல் ஆனார்?

பதில்: வழக்காடியே. அதுவும் ஊர்க்கண்ணில் படும்படி. கி.மு. 75-இல் சிசிலியில் குவெஸ்டராக இருந்து ரோமுக்குத் தானியம் அனுப்பினார். திரும்பும் வழியில் இத்தாலியின் புதியோலி துறைமுகத்தில் இறங்கியபோது ஊரே தன்னைப் பற்றிப் பேசும் என்று நினைப்பு. எதிர்ப்பட்டவரோ, "ரோமிலிருந்து எப்போது வந்தீர்கள்?" என்று கேட்டார்! வெளியூரில் உழைத்தால் ரோமுக்குத் தெரியாது என்று புரிந்துகொண்டு, அன்றுமுதல் வழக்குகள் நடக்கும் ரோமின் மையச் சதுக்கமான ஃபோரத்தை விட்டு நகரவில்லை. இதை அவரே பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

வாக்கு முறையும் கைகொடுத்தது. கான்சல் தேர்தலில் தலைக்கு ஒரு ஓட்டு என்ற கணக்கில்லை. சொத்துக்கேற்பப் பிரித்த 193 குழுக்கள், குழுவுக்கு ஒரு ஓட்டு. பணக்காரக் குழுக்கள் முதலில் போடும். இருவருக்குத் தலா 97 சேர்ந்ததும் வாக்கெடுப்பை நிறுத்திவிடுவார்கள். சொத்தே இல்லாத அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே குழு, அதுவும் கடைசியில். வழக்குகளில் சிசரோவிடம் நன்றிக்கடன் பட்டிருந்தவர்களோ முன்வரிசைக்காரர்கள். கி.மு. 63-இல், சட்டம் அனுமதித்த முதல் ஆண்டிலேயே, கான்சல்.

கேள்வி: கான்சல் ஆனபின் கவலை இல்லைதானே?

பதில்: பதவியில் இருக்கும்வரைதான் வழக்கு அண்டாது. கான்சலாக இருந்தபோது, ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்த காட்டிலைனின் சதிக் கூட்டாளிகள் ஐவரை விசாரணையின்றிக் கொல்லவைத்ததற்காக, கி.மு. 58-இல் அவருடைய எதிரி குளோடியஸ் கொண்டுவந்த சட்டம் சிசரோவை நாடு கடத்தியது. ரோமின் பாலட்டைன் குன்றில் இருந்த அவர் வீட்டை இடித்து, அங்கே சுதந்திர தேவிக்குக் கோயிலும் எழுப்பிவிட்டார் குளோடியஸ். மறு ஆண்டு திரும்பிய சிசரோ, அந்த மனையை மீட்க அர்ச்சகர் சபை முன் வாதாட வேண்டியிருந்தது.