டஸ்ட் டீயும் மல்லிகை டீயும்: ஒரு டீ மேக்கரிடம் கேட்டவை

குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 28 வருடம் டீ மேக்கராக இருந்தேன். பச்சை இலை வந்து இறங்குவதில் தொடங்கி, தூள் மூட்டையில் ஏறும்வரை என் பொறுப்பு. ஓய்வுக்குப் பிறகு பூ, பட்டை, பழத்தோல் என்று எதையாவது தேயிலையோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கலவை, சுவை, தேயிலை பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். நோய்க்கு வழி கேட்டால் மருத்துவரிடம்தான் அனுப்புவேன்.

ஈரோடு: அய்யா, இஞ்சி, துளசி, ஏலக்காய் எல்லாம் போட்டு மசாலா டீத்தூள் செய்தேன். இரண்டு வாரத்தில் கட்டிகட்டி ஒரு மாதிரி பூஞ்சை வாடை வருகிறது. எங்கே தப்பு?

இஞ்சியைப் பச்சையாகவோ அரைகுறையாகக் காயவைத்தோ போட்டிருப்பீர்கள் அம்மா. டிரையரிலிருந்து வெளியே வரும்போது தேயிலையில் ஈரம் ஏறக்குறைய 3 சதவீதம்தான் இருக்கும். அவ்வளவு காய்ந்த பொருள் பக்கத்தில் எந்த ஈரம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும், வாசனையையும் அப்படித்தான். தூள் டப்பாவில் ஈரம் சேரக் கூடாது. இதை இன்றைக்குப் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவில் போடுவதற்குச் சுக்குதான் சரி. கால் கிலோ டஸ்ட் டீக்குச் சுக்கு 15 கிராம், ஏலக்காய் 8 கிராம், கிராம்பு நாலைந்து, மிளகு ஒரு தேக்கரண்டி. இவற்றை வெறும் வாணலியில் கை பொறுக்கும் சூட்டில் புரட்டி, முழுக்க ஆறிய பிறகு பொடித்துச் சலித்துக் கலக்குங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்க்கும், அந்த ஒரு சொட்டு போதும் கெடுக்க. துளசியை டீ கொதிக்கும்போது பச்சையாகப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், டப்பாவைப் பெருங்காயத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்த டீயை நான் ஒரு வீட்டில் குடித்திருக்கிறேன்.

திருநெல்வேலி: இஞ்சி டீ போட்டால் பல நேரம் பால் திரிந்துவிடுகிறது, சார்.

பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. பாலில் நேராகப் போட்டால் அது வேலையைக் காட்டும். தட்டிய இஞ்சியைத் தண்ணீரில் மூன்று நான்கு நிமிடம் நன்றாகக் கொதிக்க விட்டால் நொதி செத்துவிடும். பிறகு தூள், கடைசியில் காய்ச்சிய பால்.

மதுரை: நம்ம ஊர் மல்லிகையை வைத்து வீட்டிலேயே மல்லிகை டீ செய்ய முடியுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். முடியும், அருமையாக வரும். சீனாவில் ஃபூஜோ நகரத்து மல்லிகை டீக்குப் பயன்படுத்துவதும் நம்முடைய குண்டுமல்லி இனம்தான். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் இதே இனத்துக்குத்தான்.

மல்லிகை டீயில் பூவைக் கொதிக்க வைப்பதில்லை. மொட்டு இரவில் விரியும்போதுதான் மணத்தை வெளியே விடும். அந்த மணத்தைக் காய்ந்த இலை குடிக்க வேண்டும். சாயங்காலம் இறுக மூடிய, மறுநாள் காலையில் விரிந்துகிடக்கும் பருவத்து மொட்டாகப் பறியுங்கள். இலை ரக கிரீன் டீ 100 கிராம் என்றால் மொட்டும் அதே எடை. அகலமான பாத்திரத்தில் ஓர் அடுக்கு இலை, ஓர் அடுக்கு மொட்டு என்று பரப்பி வெள்ளைத் துணியால் மூடுங்கள். படுக்கப் போகுமுன் கையை உள்ளே விட்டுப் பாருங்கள், நடுவில் வெதுவெதுப்பாக இருக்கும். பூ மூச்சு விடுகிற சூடு அது. ஒருமுறை புரட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பூ அழுகி நாறும்.

காலையில் பூவெல்லாம் துவண்டு பழுப்பேறியிருக்கும். அத்தனையையும் பொறுக்கி எடுங்கள். இலையைத் தொட்டால் நமுத்துப்போய் இருக்கும், பூவின் ஈரத்தையும் சேர்த்துக் குடித்திருக்கிறது. அடிகனமான வாணலியைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டில் இலையைக் கையால் புரட்டுங்கள். விரலுக்கிடையில் நொறுங்கினால் காய்ந்துவிட்டது. அன்று சாயங்காலம் புது மொட்டோடு மறுபடி ஒரு சுற்று. உயர்ந்த ரகங்களுக்கு ஆறேழு சுற்றுகூடச் செய்வார்கள், வீட்டுக்கு இரண்டு போதும்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. பூக்கடைப் பூவில் செய்யாதீர்கள். அது தலைக்கும் சாமிக்கும் வளர்ப்பது, யாராவது சாப்பிடுவார்கள் என்று யோசித்து அதற்கு மருந்தடிப்பதில்லை. வீட்டுச் செடி, மருந்தடிக்காத செடி.

சென்னை: எடை குறைய ஒரு நாளைக்கு எத்தனை கிரீன் டீ குடிக்கலாம்?

சர்க்கரையும் பாலும் போட்ட நாலு டீக்குப் பதிலாகக் குடித்தால் அந்தச் சர்க்கரையும் பாலும் குறையும், அது நிஜமான லாபம். இலையே கொழுப்பைக் கரைக்கும் என்று நம்பிக் குடிக்காதீர்கள், ஆய்வுகளில் தெரியும் பலன் மிகச் சிறியது. கிரீன் டீ சாறு என்று விற்கும் மாத்திரைகள் பக்கம் போகவே வேண்டாம். மாத்திரையில் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இ.ஜி.சி.ஜி. என்ற கிரீன் டீச் சத்தை எடுத்தவர்களுக்குக் கல்லீரல் நொதிகள் ஏறுவதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-ல் சுட்டிக்காட்டியது. டம்ளரில் குடிப்பது வேறு, மாத்திரையில் அடைத்து விழுங்குவது வேறு. கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல் 80 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள், கசக்காது.

சேலம்: டஸ்ட் டீ என்பது தொழிற்சாலைத் தரையைக் கூட்டி அள்ளும் தூசிதானே? அதில் மசாலா சேர்த்து என்ன பயன்?

இல்லை தம்பி. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கிறது.

டஸ்ட் என்பது அளவின் பெயர். இலையை 12 மணி நேரத்துக்கு மேல் வாட்டி, பல்லுள்ள உருளைகளுக்கு இடையே விட்டு நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிறோம். சி.டி.சி. என்கிற இந்த முறை 1930-களில் அசாமில் வந்தது. பிறகு நிறம் மாற விட்டு, டிரையரில் காயவைத்து, நார் நீக்கி, சல்லடைகளில் போடுகிறோம். மேல் சல்லடையில் நிற்பது பெரிய குருணை, கீழே இறங்குவது டஸ்ட். ஒரே இலை, ஒரே நாள், ஒரே இயந்திரம். அதற்குள்ளேயே பி.டி., ஆர்.டி., எஸ்.ஆர்.டி., எஸ்.எஃப்.டி. என்று தரம் இருக்கிறது. ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். அதைப் பறித்தவர்களின் உழைப்பைத் தூசி என்று சொல்லாதீர்கள்.

கோவை: அய்யா, நீங்கள் அந்தத் தொழிலில் இருந்தவர், விட்டுக்கொடுக்க மாட்டீர்கள். நல்ல இலையை முழுசாக விற்பார்கள், உடைந்ததைத்தானே நமக்குத் தள்ளுகிறார்கள்?

ஆர்தடாக்ஸ் முறையில் இலையை முறுக்கிச் செய்யும்போது முழு இலைக்குத்தான் விலை, உடைந்தது கீழே போகும். அங்கே நீங்கள் சொல்வது சரி. சி.டி.சி.யில் எல்லா இலையையும் முதலிலேயே கிழித்துவிடுகிறோம், முழு இலை என்ற ஒன்றே மிஞ்சாது. குன்னூர் ஏலத்தில் இலை ரகம் என்று சொல்லும் பெரிய குருணையும் டஸ்ட் ரகமும் தனித்தனியாகப் போகும். நல்ல டஸ்ட், சுமாரான இலை ரகத்தைவிட அதிக விலைக்குப் போனதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

திருப்பூர்: நான் டீக்கடை வைத்திருக்கிறேன். அய்யா சொல்வது சரி. துணி வடியில் வெந்நீர் ஊற்றினால் டஸ்ட்தான் அந்த நொடியே இறங்கும். குருணை போட்டால் வாடிக்கையாளர் நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

அதேதான். துகள் சிறிதானால் தண்ணீர் படும் பரப்பு அதிகம், சாறு சட்டென்று இறங்கும். பாலையும் சர்க்கரையையும் தாங்குகிற திடம் நம் ஊருக்கு வேண்டும், டஸ்ட் அதைக் கொடுக்கிறது.

கோவை: அப்படியானால் கூட்டி அள்ளுவது எங்கே போகிறது? கலப்படமே இல்லை என்கிறீர்களா?

இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நாரும் தரையில் விழுந்ததும் டீ கழிவு. அதற்கென்றே 1959-ல் கட்டுப்பாட்டு ஆணை ஒன்று இருக்கிறது. உரிமம் பெற்றவர்கள்தான் வாங்கலாம், கஃபைன் பிரித்தெடுக்கவெல்லாம் போகும். அந்தக் கழிவைத் திருட்டுத்தனமாக வாங்கிச் சாயம் ஏற்றி விற்பவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் வடிதாளில் ஒரு சிட்டிகை தூளைப் பரப்பிப் பச்சைத் தண்ணீர் தெளியுங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தாளைக் குழாயில் அலசி வெளிச்சத்தில் பிடியுங்கள். கறை திட்டுத்திட்டாக நின்றால் சாயம். சாயம் ஏற்றியவனைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். டஸ்டைத் திட்டாதீர்கள்.

கோவை: சோதித்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வாருங்கள் தம்பி, காத்திருக்கிறேன்.

விழுப்புரம்: மகளுக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடுதான் விழுங்குகிறாள். பரவாயில்லையா?

இன்றைக்கே நிறுத்துங்கள் அம்மா. டீயின் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. கீரை, பயறு வழியாக வரும் இரும்புக்கும் இதே கதிதான். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியிலும் இருக்கிறது. மாத்திரையை எப்போது, எதோடு என்று கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். தோட்டத்தில் இலை பறித்த பெண்கள் மதியச் சோற்றோடு கட்டன் டீ குடிப்பார்கள், பலருக்கும் ரத்தசோகை. இந்த விஷயத்தை அப்போதே தெரிந்து அவர்களுக்குச் சொல்லாமல் போனேனே என்று இன்னும் வருத்தம்.

கரூர்: கிரீன் டீ வெறும் வயிற்றில் குடித்தால் தொப்பை குறையுமா?

சென்னைக்காரருக்குச் சொன்னதுதான். வெறும் வயிற்றில் சிலருக்குக் குமட்டும், அது கூடுதல்.

தஞ்சாவூர்: டீ குடித்தால் பிள்ளைகள் கறுத்துப் போவார்களா?

மாட்டார்கள். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு டீ வேண்டாம், கஃபைன் இருக்கிறது.

திண்டுக்கல்: ஆவாரம்பூ, சங்குப்பூ, செம்பருத்தி டீ எல்லாம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் நல்லதாமே?

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று பழமொழி இருக்கிறது, அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். நிறுத்தாதீர்கள். செம்பருத்தியில் ஒரு குழப்பம் உண்டு. ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைப்பதாகச் சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் ரோசெல் என்ற வேறு செடியின் புளிப்பான சிவந்த புல்லி இதழில் (பூவின் அடியில் இருக்கும் உறை) செய்தவை, நம் வேலியோரச் செம்பருத்தியில் அல்ல. சங்குப்பூவுக்குச் சுவை கிட்டத்தட்ட இல்லை, நிறம்தான் அழகு. எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகும். பிள்ளைகள் முன்னால் பிழிந்து காட்டுங்கள்.

நாகர்கோவில்: தொண்டைக்கு இதமாக இருக்கிறதென்று தினமும் டீயில் அதிமதுரம் போடுகிறோம். அப்பாவுக்கு பிரஷர் உண்டு.

அப்பாவுக்கு நிறுத்திவிடுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். அதிமதுரத்தின் இனிப்புப் பொருள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும், அழுத்தத்தை ஏற்றும். இரண்டு நாள் தொண்டைக்கட்டுக்கு ஒரு துண்டு என்பது வேறு, தினசரிக் கலவையில் சேர்ப்பது வேறு. பட்டையும் தினமும் நிறைய வேண்டாம். கடையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த பட்டையில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம், அது கல்லீரலுக்கு ஆகாது. சுருள் சுருளாக மெல்லிசாக இருக்கும் இலங்கைப் பட்டை பாதுகாப்பானது, மணமும் மென்மை.

வேலூர்: எடை குறைய எந்த பிராண்ட் கிரீன் டீ?

மூன்றாவது முறை. மேலே பாருங்கள்.

காரைக்குடி: ஆவி பறக்கக் குடித்தால்தான் டீ குடித்த மாதிரி இருக்கிறது. தப்பா?

கொஞ்சம் ஆற விடுங்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அநேகமாகக் காரணமாகலாம் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் வகைப்படுத்தியது. குற்றம் சூட்டுடையது, தேயிலையுடையது இல்லை. ஒருமுறை ஆற்றி ஊற்றிக் குடியுங்கள். ஆறிய பிறகுதான் ஏலக்காய் மணமும் நாக்குக்குத் தெரியும்.

நாமக்கல்: ஆரஞ்சுத் தோலைப் பச்சையாகவே டீத்தூளில் போட்டு வைத்தால் மணம் ஏறும்தானே அண்ணா?

ஏறும், கூடவே பூஞ்சையும் ஏறும். ஈரோட்டுப் பதிலைப் படியுங்கள். கமலா ஆரஞ்சுத் தோலின் உள்ளே இருக்கும் வெள்ளையைச் சுரண்டிவிட்டு, நிழலில் ஒரு வாரம், ஒடித்தால் சடக்கென்று உடையும்வரை காயவிட்டுப் பிறகு போடுங்கள்.

புதுச்சேரி: 78 வயது அம்மாவுக்கு ராத்திரி 9 மணிக்கு ஒரு டீ வேண்டும். குடித்தால் 2 மணிவரை தூக்கமில்லை. கொடுக்காவிட்டால் கோபித்துக்கொள்கிறார்.

ஒரு டம்ளர் டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் கஃபைன் இருக்கும். அதில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும், அதனால்தான் அந்த 2 மணி. 4 மணி டீயை நல்ல டஸ்டில் திடமாகக் கொடுத்துவிடுங்கள். ராத்திரிக்குத் தேயிலை இல்லாமல், எலுமிச்சைப்புல் இரண்டு தாளை முடிச்சிட்டு, தட்டிய சுக்கு ஒரு சிறு துண்டு, ஒரு ஏலக்காய், முக்கால் டம்ளர் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்க வையுங்கள். கடைசியில் கொஞ்சம் பனங்கற்கண்டு. சர்க்கரை நோய் இருந்தால் அது வேண்டாம். எப்போதும் டீ குடிக்கும் அதே டம்ளரில், ஆற்றி நுரை வரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு டம்ளர் குடியுங்கள்.