தண்ணீர்மலை – ஒரு கடிதம்

ஐயா,

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள தமிழ் இடப்பெயர்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். தண்ணீர்மலை என்பது ‘தணிகைமலை’யின் திரிபு என்று ஒருவர் சொன்னார். முருகன் கோவில் இருப்பதால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. பினாங்குக்கே நல்ல தமிழ்ப் பெயர் வைத்தால் என்ன?

க., பட்டர்வொர்த்

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் அந்த மலையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது கேள்வியை விட்டுவிடுங்கள். மலாயில் பினாங் என்றால் பாக்கு. அதில் மாற்ற என்ன இருக்கிறது?

எதை எடுத்தாலும் திரிபு, மரூஉ என்பது நம்மவர்களைப் பிடித்த நோய். தண்ணீர் என்ற சொல்லுக்குப் பொருள் தேடவா வேண்டும்? அங்கே அருவி இருக்கிறது. பினாங்குத் தலைநகர் ஜார்ஜ் டவுன் அந்நாளில் குடித்ததே அந்தத் தண்ணீரைத்தான். வெள்ளைக்காரன் வாட்டர்ஃபால் ரோடு என்றான். மலாய்க்காரர்கள் ஆற்றை ஆயர் தெர்ஜுன் என்றார்கள், அதுவும் அருவிதான். நம் ஆட்கள் மட்டும் மலையைப் பார்க்காமல் பெயர் வைத்தார்களா? கூலியாக வந்து இறங்கியவனுக்குக் கண் இல்லையா? எனக்குக் கோபம் வருவது இங்கேதான். 513 படி ஏறி முருகனைக் கும்பிடுகிறீர்கள், கீழே ஓடுவதை ஒரு தடவை பார்த்திருக்கிறீர்களா?

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஒரு தைப்பூசத்தன்று பால்குடம் இறக்கிய கையோடு என்னை அந்த அருவித் தண்ணீர் ஓடும் தாவரவியல் பூங்கா ஓடைக்குக் கூட்டிப்போனார். தார் ரோட்டில் நடந்து பாதம் இரண்டும் கன்றிப்போயிருந்தன. பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டார். வேட்டி மஞ்சள் கரைந்து ஒரு கோடாகக் கல்லிடுக்கில் போயிற்று. நான் அதன் பின்னாலேயே ஓடினேன்.

“எங்கேப்பா போகுது?”

“நம்ம வீட்டுக்குத்தான்.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். எங்கள் வீடு சுங்கை பினாங் ஆற்றோரம். அந்த அருவித் தண்ணீரும் ஆயர் ஈத்தாம் ஆறும் சேர்ந்துதான் சுங்கை பினாங் ஆகிறது. ஆயர் ஈத்தாம் என்றால் கறுப்புத் தண்ணீர், பாருங்கள், அதுவும் தண்ணீர்ப் பெயர்தான். 2017 நவம்பரில் ஒரே இரவு மழை. அப்பா சொன்னபடியே வீட்டுக்குள் வந்துவிட்டது. அவர் படம் மாட்டிய சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் முழுக்கப் போகவில்லை.

சரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். கட்டுரையை எழுதுங்கள். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபெரி ஏறி வாருங்கள். பூங்கா வாசலில் நிற்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பேரும் ஓடையில் இறங்குவோம்.