உரக்குவியலில் புகை வந்தால் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: தோட்டத்தில் இலைதழைகளை இடுப்பளவு உயரத்துக்குக் குவித்து மட்கவிட்டிருக்கிறேன். குளிர்ந்த காலையில் கிளறினால் குபுகுபுவெனப் புகை வருகிறது. உள்ளே சாம்பல் மாதிரி வெள்ளையாகவும் இருக்கிறது. தீப்பிடித்துவிடுமோ? தண்ணீர் ஊற்றி அணைக்கட்டுமா?

பதில்: ஊற்றாதீர்கள். அது புகையல்ல. அந்த வெள்ளையும் சாம்பலல்ல. சூட்டில் செழிக்கும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற ஒருவகை பாக்டீரியா. உரம் நன்றாக ஆகிவருகிறது என்று சந்தோஷப்படலாம்.

நுண்ணுயிர்கள் தழையைத் தின்னும்போது வெப்பம் உண்டாகிறது. நல்ல குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை போகும். 60 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 130 கிராம் நீராவி இருக்க முடியும். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம்தான். நீங்கள் கிளறியதும் உள்ளிருந்த சூடான ஈரக்காற்று வெளியே வந்து குளிர்காற்றோடு கலக்கிறது. அத்தனை நீராவிக்கும் அங்கே இடமில்லை. மிஞ்சியதில் ஒரு பங்கு நுண்ணிய நீர்த்துளிகளாகத் திரள்கிறது. கண்ணில் படுவது அந்தத் துளிகள்தான். நீராவி கண்ணுக்கே தெரியாது. கொதிக்கும் கெட்டிலின் மூக்கை ஒட்டிக் கொஞ்சம் இடம் வெறுமையாக இருக்கும், அதற்கப்புறம்தான் வெள்ளை தொடங்கும், கவனித்திருக்கிறீர்களா? ஆவி இருப்பது அந்த வெறும் இடத்தில்.

மத்தியானம் கிளறினாலும் ஈரம் வெளியேறத்தான் செய்யும். வெளிக்காற்று வெதுவெதுப்பாக இருப்பதால் துளி அவ்வளவாகத் திரளாது, அவ்வளவுதான். காலையில் சூரியனைப் பார்த்தபடி நின்றால் இன்னும் அடர்த்தியாகத் தெரியும். அது வெளிச்சம் செய்யும் வேலை; பயப்பட வேண்டாம்.

சந்தேகம் தீரவில்லையென்றால் மேலே போவதைப் பாருங்கள். நீர்த்துளிகள் சற்று உயரத்திலேயே காற்றில் கரைந்து காணாமல் போகும். புகை அப்படி மறையாது, நெடுந்தூரம் இழுத்துக்கொண்டு போகும். மூக்கும் சொல்லிவிடும்: மண்வாசனையா, கருகல் நெடியா?

தீப்பிடிப்பதே இல்லை என்று சொல்லமாட்டேன். பல மீட்டர் உயரமான குவியல்களில், ஆங்காங்கே காய்ந்துபோன பகுதிகளில் அது நடந்திருக்கிறது. உங்கள் இடுப்பளவுக் குவியலில் சூடு எளிதாக வெளியேறிவிடும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். பிழிந்த துணியின் ஈரம் இருந்தால் போதும். தண்ணீரைக் கொட்டினால் காற்று போக வழியில்லாமல் அழுகி நாறும். மையம் 70 டிகிரியைத் தாண்டினால் மட்டும் கிளறிப் பரப்பி, காய்ந்த இடங்களில் லேசாகத் தெளியுங்கள்.